மசாலாச் சரக்குக்கு சீல் விழுந்தால்: சிங்கப்பூர்ச் சிறு வியாபாரிக்கு ஒரு வழிகாட்டி

மாதம் நாலு கொள்கலன் இறக்கும் பெரிய நிறுவனங்களுக்கு இது தேவைப்படாது. அவர்களிடம் இதற்கென்றே ஆள் இருக்கிறது. தேக்காவிலோ, ஏதாவது ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழேயோ கடை வைத்துக்கொண்டு, சென்னையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ஆண்டுக்கு நாலைந்து முறை மிளகாய்த்தூள், மல்லித்தூள், குழம்புப்பொடி வரவழைக்கிறவர்கள், அவர்களிடம் வாங்கி விற்கிறவர்கள், இந்தத் தொழிலில் இப்போதுதான் காலெடுத்து வைத்தவர்கள் ஆகியோருக்காக எழுதியது. ஒருநாள் காலையில் சிங்கப்பூர் உணவு அமைப்பிடமிருந்து மின்னஞ்சல் வரும், அல்லது அதிகாரியே கிடங்குக்கு வந்து பெட்டிகளுக்கு சீல் வைப்பார். அதற்குப் பிறகு என்ன செய்வது, எந்தக் காகிதத்தை எடுப்பது, பணம் எங்கே கரையும் என்பதே இங்கே பேச்சு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எவ்வளவு நட்டம் என்பதை லேப் முடிவு பாதிதான் தீர்மானிக்கிறது. மீதியைத் தீர்மானிப்பது உங்கள் பேட்ச் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) கணக்கு. எந்தப் பேட்ச், எத்தனை பாக்கெட், எந்தக் கடைக்குப் போனது என்று காட்ட முடிந்தால் அந்தப் பேட்ச் மட்டும் போகும். காட்ட முடியாவிட்டால் அலமாரியே காலியாகும்.

1. வந்திருப்பது எந்த உத்தரவு?

பதற்றத்தில் எல்லாவற்றையும் “பறிமுதல்” என்றே சொல்லிவிடுகிறோம். கடிதத்தில் இருப்பது மூன்றில் ஒன்றாக இருக்கும்.

நிறுத்தி வைத்தல்: சரக்கு வந்து இறங்கும்போதே மாதிரி எடுத்திருப்பார்கள். முடிவு வரும்வரை விற்கவோ நகர்த்தவோ கூடாது. சரக்கு இன்னும் உங்களுடையதுதான்.

கைப்பற்றல்: சரக்கு அதிகாரிகளின் கட்டுப்பாட்டுக்குப் போய்விட்டது. உங்கள் கிடங்கிலேயே கிடந்தாலும் சீல் உடைந்தால் அது தனிக் குற்றம்.

திரும்பப் பெறுதல்: ஏற்கெனவே விற்றதைக் கடைகளிலிருந்து திரும்ப எடுக்கச் சொல்வது.

கடைசியாகச் சொன்னதற்கு உங்கள் சரக்கைச் சோதித்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. 2024 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு மீன் குழம்பு மசாலா இங்கே திரும்பப் பெறப்பட்டது. ஹாங்காங் உணவுப் பாதுகாப்பு நிலையம் அதில் எத்திலீன் ஆக்சைடு (கிருமியைக் கொல்ல அடிக்கும் வாயு) இருப்பதாக ஏப்ரல் 5ஆம் தேதி அறிவித்தது. சிங்கப்பூரில் உத்தரவு வந்தது ஏப்ரல் 18ஆம் தேதி. ஆகவே “என் சரக்கை யாரும் சோதிக்கவே இல்லையே” என்ற வாதத்தோடு போகாதீர்கள்.

உத்தரவில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய புதிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2028 வரை கட்டம் கட்டமாக நடப்புக்கு வருகிறது. பழைய உணவு விற்பனைச் சட்டத்தின் பிரிவா, புதியதன் பிரிவா என்பதைப் பொறுத்து அபராதமும் மேல்முறையீட்டு வழியும் மாறும். வழக்கறிஞர் முதலில் கேட்பதும் இதைத்தான்.

2. அன்றைக்கே செய்ய வேண்டியவை

விற்பனையை நிறுத்துங்கள். கடை அலமாரி, பின்னறை, வேன், இணையக் கடை என எல்லா இடத்திலும் நிறுத்த வேண்டும். பலர் மறந்துபோவது இணையக் கடையைத்தான். உத்தரவு வந்த மறுநாள் பதிவாகும் ஓர் ஆர்டர் போதும், அலட்சியம் என்று எழுதிவிடுவார்கள்.

சம்பந்தப்பட்ட பேட்சைத் தனியே அடுக்கி, சுற்றிலும் டேப் ஒட்டி, “விற்பனைக்கு அல்ல” என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி வையுங்கள். கடைப் பையன்கள் எந்த மொழி பேசுகிறார்களோ அதிலும் எழுதுங்கள். பிறகு இரண்டு பேராக எண்ணி, கையெழுத்துப் போட்டு, தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதிகாரி வந்திருந்தால் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. என்ன எடுத்தார், எத்தனை கிலோ, எந்தப் பேட்ச், சீல் எண் என்ன என்ற பட்டியலின் நகல் இல்லாமல் அவரை அனுப்பாதீர்கள். அவரிடம் சண்டை பிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. முடிவு எடுப்பவர் அவர் அல்ல. அவர் மாதிரி எடுத்த அதே பெட்டியிலிருந்து உங்களுக்கும் ஒரு பகுதியைச் சீலிட்டு எடுத்து வைக்கலாமா என்று அப்போதே கேளுங்கள். பிறகு வேறு பெட்டியிலிருந்து எடுக்கும் மாதிரி ஏன் பயன்படாது என்பதை 5ஆம் பகுதியில் பார்க்கலாம்.

செய்யக் கூடாதவை மூன்று. சப்ளையருக்குச் சத்தமில்லாமல் திருப்பி அனுப்பக் கூடாது. குப்பையில் போடக் கூடாது. வேறு பேட்சோடு கலந்து “நீர்க்க” வைக்கவே கூடாது. முதல் இரண்டும் ஆதாரத்தை மறைத்ததாகத் தோன்றும். மூன்றாவது, நல்ல சரக்கையும் சேர்த்துக் கெடுக்கும்.

3. பேட்ச் கணக்கு போடுங்கள்

வந்தது எவ்வளவோ அது எங்கே போனது என்று கடைசிப் பாக்கெட் வரை கணக்கு ஒத்துப்போக வேண்டும். ஓர் உதாரணம்: 480 கிலோ மிளகாய்த்தூள், 200 கிராம் பாக்கெட்டாக 2,400. கையில் 846. மற்ற கடைகளில் 230. சில்லறையில் விற்றது 1,310. கிழிந்தது, மாதிரிக்குப் போனது 14. கூட்டினால் 2,400. இப்படி ஒரு தாள் கொடுத்தால் அடுத்தடுத்த கேள்விகள் பாதியாகக் குறையும். “சுமார் ஆயிரம் விற்றிருக்கும்” என்று எழுதினால், மீதி எங்கே என்று அடுத்த மின்னஞ்சல் வரும்.

கணக்கு உடைவது பெரும்பாலும் மறுபொட்டலம் போடும் இடத்தில்தான். 25 கிலோ மூட்டையாக வருகிறது. அதைப் பிரித்துச் சின்னப் பைகளில் அடைக்கும்போது மூட்டையின் பேட்ச் எண் குப்பைக்குப் போய்விடுகிறது. புதுப் பையில் உங்கள் கடைப் பெயரும் காலாவதித் தேதியும் மட்டும் இருக்கும். மார்ச் மூட்டையும் ஜூன் மூட்டையும் ஒரே டப்பாவில் கொட்டப்பட்டிருந்தால், இரண்டுமே மாசுபட்ட பேட்ச் என்றுதான் கொள்ளப்படும். இதைத் தவிர்க்க மூட்டைக்கு ஒரு சொந்த எண் கொடுங்கள். அதைப் பையிலும் அச்சிடுங்கள். ஒரு டப்பா முழுவதும் காலியாகித் துடைத்த பிறகே அடுத்த மூட்டையைப் பிரியுங்கள். வேலை அதிகம்தான். ஆனால் ஒருமுறை சீல் விழுந்தால் இதன் விலை தெரியும்.

வியாபாரமாக அரைத்து அடைப்பவர்களுக்கு உணவு பதப்படுத்தும் இடத்துக்கான உரிமம் வேண்டும். அது இல்லாமல் பின்னறையில் அரைத்திருந்தால், மாசு விவகாரத்தோடு அதுவும் சேர்ந்துகொள்ளும்.

4. கோப்பில் இருக்க வேண்டிய காகிதங்கள்

உத்தரவு வந்த பிறகு தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு கோப்பு, அதில்:

சுங்கப் பெர்மிட், வணிக விலைப்பட்டியல், பேக்கிங் லிஸ்ட், கப்பல் அல்லது விமானச் சரக்கு ரசீது. உணவு அமைப்பில் நீங்கள் இறக்குமதியாளராகப் பதிந்த விவரம். இந்தியச் சரக்கென்றால் சப்ளையரின் உணவு உரிம எண்ணும், மசாலா ஏற்றுமதியாளர் என்று இந்திய நறுமணப் பொருள் வாரியம் கொடுத்த பதிவுச் சான்றும். பேட்ச் எண் போட்ட சோதனை அறிக்கை. கடைகளுக்கு நீங்கள் எழுதிய பில்கள். இறக்குமதி ஆவணங்களை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சுங்கத்துறை விதி.

இதில் நான்கு பொறிகள்.

பேட்ச் பொருந்தாத அறிக்கை. சப்ளையர் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நல்ல மாதிரியைச் சோதித்து, அதே தாளை எல்லாச் சரக்கோடும் அனுப்புவார். அறிக்கையில் உள்ள பேட்சும் பையில் உள்ள பேட்சும் ஒன்றில்லை என்றால் அந்தத் தாளில் வடை மடிக்கலாம்.

புகையூட்டுச் சான்றிதழ். கொள்கலனில் பூச்சி வராமல் இருக்க மெத்தில் புரோமைடோ பாஸ்பீனோ அடித்ததற்கான தாள் அது. எத்திலீன் ஆக்சைடு எச்சம் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது. பலர் இதையே “சேஃப்டி சர்ட்டிபிகேட்” என்று நீட்டுகிறார்கள்.

பெர்மிட்டில் தவறான வகைப்பாடு. அரைத்த மிளகாய் 0904.22, மஞ்சள் 0910.30, பல மசாலாக் கலவை 0910.91 என்று போகும். உப்பு, மாவு, சுவையூட்டி அதிகம் சேர்ந்து, மசாலாவின் தன்மையே மாறிவிட்ட கலவை 2103க்குப் போகும். பெட்டியில் ஒன்று, பெர்மிட்டில் வேறொன்று என்றால், சோதனை முடிவு நல்லதாக வந்தாலும் சரக்கு நகராது.

கைப்பையில் வந்தது. ஊருக்குப் போனவர் கொண்டுவந்த பொடி சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. அதை வாட்ஸ்அப் குழுவில் விற்றால் பெர்மிட் இல்லாத இறக்குமதி. வீட்டுச் சமையல் வியாபாரம் செய்பவர்களும் இதில் மாட்டுகிறார்கள்.

5. சோதனை அறிக்கையைப் படிக்கும் முறை

முதலில் அலகு. பிபிஎம் என்பது கிலோவுக்கு மில்லிகிராம்; பிபிபி என்பது கிலோவுக்கு மைக்ரோகிராம். 1 பிபிஎம் ஆயிரம் பிபிபிக்குச் சமம். பூச்சிக்கொல்லி எச்சம் பிபிஎம்மிலும், பூஞ்சை நஞ்சு பிபிபியிலும் வரும். இரண்டையும் குழப்பிக்கொண்டு “வரம்புக்குள்தான் இருக்கிறது” என்று பதில் எழுதியவர்கள் உண்டு.

எத்திலீன் ஆக்சைடு: கிருமியைக் கொல்ல அடிக்கும் வாயு. மசாலாவைக் கிருமிநீக்கம் செய்ய இதைப் பயன்படுத்தச் சிங்கப்பூர் உணவு விதிமுறைகள் இடமளிக்கின்றன, எச்சத்துக்குத்தான் வரம்பு. ஐரோப்பாவில் மசாலாவுக்குக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். இரண்டு இடத்து வரம்பும் ஒன்றல்ல. எனவே “ஐரோப்பியத் தரம்”, “இந்தியத் தரம்” என்று அறிக்கையின் அடியில் உள்ள முத்திரையைப் பார்க்காமல், எண்ணைப் பார்த்து இங்குள்ள வரம்போடு ஒப்பிடுங்கள். இன்னொன்று: இந்த வாயு 11 டிகிரிக்குக் கீழேயே கொதித்துப் பறந்துவிடும். பொருளில் உள்ள குளோரைடோடு சேர்ந்த பகுதி 2-குளோரோஎத்தனாலாக மாறித் தங்கிவிடும். உப்பு சேர்த்த மசாலாவில் குளோரைடுக்குப் பஞ்சமில்லை. அறிக்கையில் “எத்திலீன் ஆக்சைடு: இல்லை” என்று மட்டும் இருந்தால் அது பாதிச் சோதனை. 2-குளோரோஎத்தனாலின் அளவை 0.55ஆல் பெருக்கி எத்திலீன் ஆக்சைடோடு கூட்டுவார்கள். 2-குளோரோஎத்தனால் 2.0 மில்லிகிராம் என்றால் 1.1 என்று கணக்கில் ஏறும். உத்தரவில் உள்ள எண் தனியா, கூட்டியதா என்று எழுத்தில் கேளுங்கள்.

அஃப்ளாடாக்சின்: ஈரம் தங்கிய மிளகாய், சாதிக்காயில் வரும் பூஞ்சை நஞ்சு. அரைத்தாலும் வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் போகாது. இது மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. ஒரு மூலையில் இருந்த நாலு வத்தலில் மொத்த நஞ்சும் இருக்கலாம். அதனால்தான் நீங்கள் வேறு பெட்டியிலிருந்து எடுத்துச் சோதித்து “சுத்தம்” என்று வந்த அறிக்கை அரசின் அறிக்கையை முறியடிக்காது. இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

சாயம்: மிளகாய்த்தூளில் ‘சூடான்’ எனப்படும் செயற்கைச் சாயங்கள். அனுமதிக்கப்பட்ட நிறமிகளின் பட்டியலிலேயே இவை இல்லை. “கொஞ்சம்தான் இருக்கிறது” என்ற பேச்சுக்கு இடமில்லை. மஞ்சள்தூளில் ஈயமும் குரோமியமும் சேர்ந்து உயர்ந்திருந்தால், மஞ்சளுக்குப் பளபளப்பேற்ற ஈயக் குரோமேட் கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

சால்மோனெல்லா: காய்ந்த பொடியில் வளராது, ஆனால் சாகாமல் கிடக்கும். “கொதிக்கவைத்துத்தானே சாப்பிடுகிறோம்” என்பதை நம்பாதீர்கள். அதே மிளகாய்த்தூள் மாங்காய்த் துண்டிலும் தயிர்ப்பச்சடியிலும் பச்சையாகவே விழுகிறது.

சொந்தச் சோதனை செய்வதென்றால், சிங்கப்பூர் அங்கீகார மன்றத்தின் அங்கீகாரம் பெற்ற லேபாக இருக்க வேண்டும். அதுவும் குறிப்பிட்ட அந்தச் சோதனைக்கு, மசாலா என்ற பொருளுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் சோதிக்க அங்கீகாரம் பெற்ற லேப் மசாலா அறிக்கை கொடுத்தால் செல்லாது.

6. கடைகளிலிருந்து திரும்ப எடுப்பது

தொலைபேசியில் சொன்னால் சொன்னதாகாது. ஒவ்வொரு கடைக்கும் பொருள் பெயர், பாக்கெட் எடை, பேட்ச் எண், காலாவதித் தேதி, காரணம், எத்தனை திரும்ப வேண்டும் என்று எழுதி, பதிலை வாங்குங்கள். வாட்ஸ்அப் என்றாலும் சரி, ஆனால் “பார்த்தேன், 12 பாக்கெட் இருக்கிறது” என்ற பதில் வேண்டும். இரண்டு நீலக் குறி ஒப்புதல் ஆகாது.

உணவகங்களை மறந்துவிடாதீர்கள். அவர்கள் பையைப் பிரித்துப் பாத்திரத்தில் கொட்டி வைத்திருப்பார்கள். பேட்ச் எண் தெரியாது. அந்த மாதத்தில் உங்களிடம் வாங்கிய பொடி முழுவதையும் திரும்ப எடுத்துப் பணம் கொடுத்துவிடுவது நல்லது. அந்தச் சில கிலோவுக்காகக் கணக்குப் பார்த்தால் விவகாரம் அவர்களுடைய சமையலறைக்கும் பரவும்.

பற்றுச்சீட்டு இல்லாமல் வரும் வாடிக்கையாளருக்கும் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். உத்தரவில் போட்ட கெடுவுக்குள் இறுதிக் கணக்கு போய்ச் சேர வேண்டும். முழுவதும் கிடைக்காவிட்டால் கிடைத்தவரை அனுப்பி, மீதிக்கு அவகாசம் கேளுங்கள். கெடு முடிந்த பிறகு கேட்பதும் முன்னதாகக் கேட்பதும் ஒன்றல்ல.

7. அழிப்பதா, திருப்பி அனுப்புவதா?

திருப்பி அனுப்ப உணவு அமைப்பின் எழுத்து அனுமதி வேண்டும். தனி ஏற்றுமதிப் பெர்மிட் வேண்டும். அந்த நாட்டில் ஏற்றுக்கொள்ள சப்ளையரும் சம்மதிக்க வேண்டும். சில நூறு கிலோவுக்கு இது கட்டாது. சப்ளையர் பெரும்பாலும் கப்பல் கட்டணத்தையும் உங்கள் தலையில்தான் கட்டுவார்.

அழிப்பதென்றால், தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்ற கழிவு நிறுவனம் மூலம், அதிகாரிகள் சொல்லும் முறையில் அழிக்க வேண்டும். பொருள் எரிஆலைக்குப் போகும். எடைச் சீட்டு, அழிப்புச் சான்று, படம் மூன்றும் வேண்டும். கையில் இருந்த 846 பாக்கெட் என்றால் 169.2 கிலோ, எடைச் சீட்டு அதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அட்டைப்பெட்டியோடு நிறுத்தால் எடை கூடும், அதைச் சீட்டிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள்.

8. பணமும் நாளும்

சரக்கின் விலையைத் தவிர, கரையும் இடங்கள்: கொள்கலனுக்கான இலவச நாள் முடிந்த பிறகு கப்பல் நிறுவனம் போடும் நாள் வாடகை, கிடங்கு வாடகை, லேப், ஏஜெண்ட், அழிப்பு, கடைகளுக்குத் திருப்பிய பணம். சரக்கு, காப்புறுதி, கப்பல் கட்டணம் சேர்த்து 12,000 வெள்ளி என்றால், 9 விழுக்காடு ஜிஎஸ்டி 1,080 வெள்ளி உள்ளே வரும்போதே போயிருக்கும். ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறு கடை அதை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெற முடியாது.

காப்புறுதி இருக்கிறதே என்று நினைப்பவர்கள் பாலிசியை எடுத்துப் படியுங்கள். சாதாரணக் கடல் சரக்குக் காப்புறுதி நனைந்ததற்கும் தொலைந்ததற்கும்தான். அரசு நிராகரித்தால் கொடுப்பதற்குத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

நாள் கணக்கில், சால்மோனெல்லா இல்லை என்ற முடிவுக்கே மூன்று நான்கு நாள். ஐயம் எழுந்தால் மேலும். பிற சோதனைகள், கடிதப் போக்குவரத்து எல்லாம் சேர்ந்தால் வாரங்கள் ஓடும். அதற்குள் பொடியின் ஆயுளும் குறையும். விடுவிக்கப்பட்டாலும் காலாவதிக்கு மூன்று மாதமே மிச்சம் என்றால் கடைகள் வாங்காது.

9. சப்ளையரிடம் பணம் கேட்பது

உத்தரவு வந்த அன்றே மின்னஞ்சலில் தெரிவியுங்கள். உத்தரவின் நகல், பேட்ச் எண், படம் இணையுங்கள். “ஊருக்கு வரும்போது பேசிக்கலாம் அண்ணே” என்று விட்ட பணம் வந்ததாகச் சரித்திரம் இல்லை. வங்கியின் கடனுறுதிக் கடிதம் (எல்சி) மூலம் பணம் கட்டியிருந்தால், ஆவணம் சரியாக இருந்த அளவில் வங்கி பணத்தைக் கொடுத்துவிடும். சரக்கு கெட்டதா என்பது வங்கியின் வேலை அல்ல. எனவே அடுத்த முறை ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேருங்கள்: சிங்கப்பூர் வரம்புக்கு உட்பட்டது என்ற எழுத்து உத்தரவாதம், அரசு நிராகரித்தால் விலை, வாடகை, அழிப்புச் செலவு யாருடையது என்பது. முடிந்தால் கால்வாசிப் பணத்தைச் சரக்கு இங்கே விடுவிக்கப்படும்வரை நிறுத்தி வையுங்கள்.

10. அடுத்த ஆர்டருக்கு முன்

கிருமிநீக்கம் எப்படிச் செய்கிறீர்கள் என்று சப்ளையரிடம் கேளுங்கள். நீராவி என்றால் எத்திலீன் ஆக்சைடு கவலை குறையும். நிறமும் மணமும் சற்று மங்கும், விலையும் கூடும். “எதுவும் செய்வதில்லை, இயற்கையானது” என்றால் சால்மோனெல்லா அறிக்கை கேளுங்கள். 2024 மே மாதம் முதல் சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் போகும் மசாலாவை ஏற்றும் முன் எத்திலீன் ஆக்சைடுக்குச் சோதிப்பதை இந்திய நறுமணப் பொருள் வாரியம் கட்டாயமாக்கியது. அந்த அறிக்கையின் நகல் கப்பல் ஏறும் முன்பே உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும்.

லேபிள் ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று படம் அனுப்பச் சொல்லிப் பாருங்கள். ஊர் மில் தமிழில் மட்டும் அச்சடித்த பை இங்கே நிற்காது.

வந்ததும் ஒவ்வொரு பேட்சிலும் அரைக் கிலோ வீதம் இரண்டு பை சீலிட்டு, தேதி போட்டு, காலாவதி முடிந்து சில மாதம் வரை உலர்ந்த இடத்தில் வைத்திருங்கள்.

தீபாவளிச் சரக்கென்றால் ஆகஸ்டு தொடக்கத்தில் கப்பல் ஏற வேண்டும். செப்டம்பர் கடைசியில் ஏற்றி, ஒரு மாதிரிச் சோதனையில் மூன்று வாரம் நின்றால், சீல் அவிழும்போது தேக்காவின் கேம்பல் லேனில் தீபாவளிச் சந்தைப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.